நான் தலையாட்டிய ஞாயிற்றுக்கிழமை

முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். யாரோ அன்று காலைதான் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்திருக்க வேண்டும், விரலெல்லாம் பிசுபிசுப்பு. என் வலப் பக்கம் ஓர் இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. இடப் பக்கம் காலி. என் கணவர் தாஸ் இருக்க வேண்டிய இடம் அது.

போதகர் வரிசையாக ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தாஸ் கண்ணு திறந்துட்டாராம்மா?"

தாஸ் கண் திறக்கவில்லை. ஒன்பது நாளாக நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், தலையில் கட்டோடு, அசைவில்லாமல் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் அவரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருந்தேன். "இல்லீங்க ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போன வாரம் இந்தத் தொடரில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறீர்கள், கடவுளைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?" என்று கேட்டிருந்தார். வாய் திறக்காததற்குக் காரணம் இந்தத் தலையாட்டல்தான் அம்மா. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

பின் சீட்டில் வந்தவள்

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சுருக்கம். நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறி வீட்டில். அப்பா நெற்றி நிறைய விபூதி பூசாமல் தறியில் இறங்க மாட்டார். அண்ணன் குமரேசன் இன்றும் அதே வீட்டில் நெய்கிறான். நான் மட்டும் தாஸைக் காதலித்து, இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் அடுப்பு எரியாத அளவுக்கு சண்டை நடந்து, ஞானஸ்நானம் பெற்றுக் கல்யாணம் செய்துகொண்டேன்.

அப்போதிருந்த பழைய போதகர் எனக்குப் புதிதாக ஒரு பெயர் வைக்கலாமா என்று கேட்டார். தாஸ்தான், "இந்தப் பேருக்கு இன்னாங்க ஐயா குறைச்சல்?" என்று மறித்தார். அதனால் எஸ்தர், ரூபி, கிரேஸ் என்று போகும் சபைப் புத்தகத்தில் நடுவில் ஒரு கற்பகம் இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செவிலிமேட்டில் இரண்டு அறை வீடு, நாங்கள் இருவர்தான்.

என் பக்தியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது பின் சீட்டு பக்தி. தாஸ் வண்டியை ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து வருவேன். அவர் முழங்கால் போட்டால் நானும் போடுவேன். அவர் கண்ணை மூடினால் நானும் மூடுவேன். மூடிக்கொண்டு மறுநாள் சாம்பாருக்கு என்ன காய் என்று யோசிப்பேன். சத்தமாக ஜெபம் பண்ணச் சொன்னால் எனக்கு வியர்த்துவிடும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நாலு வாக்கியம் சேர்த்து ஜெபித்ததில்லை.

தாஸ் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத்தில் இருக்கும் அவருடைய அக்காவைப் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பும்போது, நாய் ஒன்று குறுக்கே ஓட, விழுந்து, தலையில் அடி. இருபது வருடம் பெரிய பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர். இதை நினைத்து நினைத்து எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், ஆஸ்பத்திரி செக்யூரிட்டியோடு தினமும் சண்டை போட்டேன்.

வென்டிலேட்டரை நாலாம் நாளே எடுத்துவிட்டார்கள். மூச்சு சொந்தமாக வந்தது. கண் மட்டும் திறக்கவில்லை. "திறக்கலாம், திறக்காமலும் போகலாம். வெயிட் பண்ணுங்க" என்றார் டாக்டர். அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் நாள்கணக்கில் குடியிருந்து பாருங்கள், அப்போது தெரியும்.

வெள்ளைக் கவர், மஞ்சள் சீட்டு

எங்கள் ஆலயத்தின் வாசலில் ஒரு மேஜை உண்டு. அதில் இரண்டு அடுக்கு. ஒன்று வெள்ளைக் கவர். ஆண்டவர் செய்த நன்மைக்காக நன்றி சொல்கிறவர்கள் பெயரை எழுதிப் போடுவது. இன்னொன்று மஞ்சள் சீட்டு; நோய், வழக்கு, வேலை, வரன் என்று ஏதாவது வேண்டிக்கொள்கிறவர்கள் எழுதிப் போடுவது. வெள்ளைக் கவர் போட்டவர்களின் பெயரை ஆராதனையின் நடுவில் வாசிப்பார்கள். அவர்கள் குடும்பமாக முன்னே போய் முழங்கால் போடவேண்டும். மஞ்சள் சீட்டுப் பெயர்கள் கடைசியில், எல்லோரும் உட்கார்ந்தபடியே.

தாஸ் தன் ஆயுசில் மஞ்சள் சீட்டை எடுத்ததே இல்லை. பிறந்த நாள், கல்யாண நாள், பஸ்ஸுக்கு எஃப்.சி. ஒழுங்காகக் கிடைத்த நாள், எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கவர்தான். நமக்குப் பிள்ளை வேண்டும் என்று ஒரு மஞ்சள் சீட்டு எழுதலாமா என்று நான் ஒரு காலத்தில் கெஞ்சியிருக்கிறேன். "கேக்கறதுக்கு ஊரே கியூவுல நின்னுக்கினு இருக்குது கற்பகம், நாம வேற எதுக்கு?" என்று சிரித்துவிட்டார். அன்று எனக்கு எரிந்தது. கவரில் எழுதுவது மட்டும் என் வேலை. உன் கையெழுத்து நல்லா இருக்கும் என்பார்.

கையெழுத்தும் பிழையில்லாத எழுத்தும்தான் என் பிழைப்பு. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு செய்கிறேன். கிழக்கு மேற்கு மாறினால் ஒரு குடும்பமே கோர்ட்டுக்குப் போய்விடும். பெயரில் ஓர் எழுத்து தப்பினால் நான் அன்று முழுக்க சாப்பிட மாட்டேன். அப்படிப்பட்டவள்தான் இதையும் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தாஸுக்காக மஞ்சள் சீட்டு எழுதிப் போடவேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினேன். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்பாடு. பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இறங்கி, கூட்டத்தில் புகுந்து, வேர்க்க விறுவிறுக்க நடந்து வாசலுக்கு வந்தபோது உள்ளே முதல் பாட்டு முடிந்துவிட்டது. மேஜையில் குனிந்து எழுதினேன், பெட்டியில் போட்டேன், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் போய் விழுந்தேன்.

"தாஸ், கற்பகம் குடும்பத்தார்" என்று போதகர் வாசித்தபோதுதான் விளங்கியது. என் கை தன் பாட்டுக்கு வெள்ளைக் கவரை எடுத்திருக்கிறது. இருபது வருடப் பழக்கம். பெயரை மட்டும் எழுதி, ஒட்டி, போட்டிருக்கிறேன்.

ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் தாஸ் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியும். முன் வரிசையில் ஓர் அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவி, போம்மா போ என்று எழுப்பினார். எழுந்து நடந்தேன். அந்த நடையில் எங்கேயாவது நின்று, இது தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வி, அந்தத் தலையாட்டல்.

போதகர் நிமிர்ந்து, நம்முடைய சகோதரர் தாஸ் கண் திறந்துவிட்டார் என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல். பாட்டு. அழுகை.

இப்போது சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில், பச்சைப் பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு முழங்காலில் இருந்த எனக்கு, ஒன்பது நாளாக வயிற்றுக்குள் இறுகிக் கிடந்தது அவிழ்ந்தது. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. பயமே இல்லை. தாஸ் செத்துப்போனாலும் பயமில்லை, பிழைத்தாலும் பயமில்லை என்பது போல ஒரு நிலை. சமாதானம், சமாதானம் என்று இத்தனை வருடம் பிரசங்கத்தில் கேட்டது இதுதானா? அப்படியென்றால் பொய் சொன்னவளுக்கு எதற்கு அதைக் கொடுக்கவேண்டும்? ஆள் மாறி வந்துவிட்டதோ என்று பக்கத்தில் இருந்த தம்பதியைக்கூடப் பார்த்தேன். அவர்கள் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் கொண்டுவந்த சாத்துக்குடி

அந்த நிம்மதி சாயந்திரம் ஐந்து மணி வரைதான் இருந்தது.

ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். தாஸின் அக்கா, என் நாத்தனார், வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினார். சபையில் யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடி, தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்த மீதி, நல்ல புடவை. தாஸுக்கு அம்மாவுக்கு அம்மாவாக இருந்து வளர்த்தவர் அவர்தான்.

தடுத்து நிறுத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தூங்கறானா?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கவர், தலையாட்டியது, கைதட்டியது வரைக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் பாடிக்கினே வந்தேன்மா" என்றார். அவ்வளவுதான். பையை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க என் போனை எடுக்கவில்லை.

எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதே நேரத்தில், இதைத்தான் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை, காலையில் வந்த அந்த அமைதியின் மிச்சம் எங்கோ அடியில் இருந்தது. போகமாட்டேன் என்றது. வெட்கமும் அதுவும் ஒரே வயிற்றில் இருந்தன.

திருத்தலாமா?

பத்திரத்தில் பிழை வந்தால் வழி இருக்கிறது. பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று எழுதி, இன்ன தேதியிட்ட பத்திரத்தில் இன்ன வரியில் இப்படி இருப்பதை இப்படி வாசிக்கவும் என்று பதிவு செய்துவிடலாம். நூற்றுக்கணக்கில் தட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தத் தைரியத்தில்தான் போதகர் வீட்டுக்குப் போனேன்.

போதகர் சின்ன வயது. எங்கள் சபைதான் அவருக்கு முதல் சபை. நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து, மின்விசிறியைக் கூட்டி வைத்து, மறுபடி குறைத்து, உட்கார்ந்தார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பது எனக்கு விசித்திரமான ஆறுதலாக இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை, தான்தான் தவறாகப் புரிந்துகொண்டதாக மைக்கில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். வேண்டாம் ஐயா, நானே எழுந்து நின்று சொல்கிறேன் என்றேன்.

அவர் சொன்னார்: "நான் அன்னிக்கு ரொம்ப சந்தோஷப்பட்டுட்டேன்மா. அந்த சந்தோஷம் பொய்யான்னு யோசிச்சுப் பார்க்கிறேன். எனக்குத் தெரியல."

நல்ல போதகர். தெரியாததைத் தெரியாது என்கிறவர். ஆனால் எனக்கு அன்று தெரிந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது.

புதன்கிழமை அண்ணன் குமரேசன் வந்தான். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நிற்க, அதை விட்டுவிட்டு வந்திருந்தான். வேட்டி மடிப்பில் ஏகாம்பரநாதர் விபூதிப் பொட்டலம். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் அதை என் கைப்பையில் போட்டான். கல்யாணத்துக்கு வராதவன் அவன். இப்போது என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தான். பேச்சுவாக்கில் கவர் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான். பன்னிரண்டு நாளில் அந்த வராந்தாவில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"உங்க சாமிக்குப் படிக்கத் தெரியும் இல்ல? எந்தக் கவர்ல போட்டா இன்னா, ஆளு யாருன்னு அவருக்குத் தெரியாதா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ பேசாமல் டீயைக் குடி என்று அதட்டினேன். அவன் சொன்னதில் சரி இருக்கிறதோ என்ற சந்தேகம்தான் கோபத்துக்குக் காரணம். ஒரு சைவ வீட்டு நெசவாளி என் ஆண்டவரைப் பற்றி இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறான், நான் இருபது வருடமாக அவர் வீட்டு வாசலில் இருந்தும் குழம்புகிறேனே என்று ஆற்றாமையாக இருந்தது.

அன்றிரவு ஜெபம் பண்ண முயன்றேன். மன்னியுங்கள் என்று ஆரம்பித்தேன். எதற்கு என்று தெளிவாகச் சொல்ல வரவில்லை. பொய்க்கா? அந்தப் பொய்யில் கிடைத்த நிம்மதியைத் திருப்பித் தர மனமில்லாமல் இருக்கிறேனே, அதற்கா? பாதியில் விட்டுவிட்டேன்.

காலை பதினோரு மணி

சனிக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதி, வழக்கம்போல் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள்.

"ஆன்ட்டி, அங்கிள் கண்ணு திறந்துட்டாரு. பேசறாரு. வாங்க."

எப்படி எழுந்தேன், அங்கியை யார் மாட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் நினைவில்லை. மாஸ்க்கின் எலாஸ்டிக் காதில் இறுக்கியது மட்டும் நினைவிருக்கிறது. தாஸ் தலையணையில் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணைப் பதினைந்து நாள் கழித்துப் பார்க்கிறேன்.

நர்ஸ் உற்சாகமாக, "யாரு வந்திருக்காங்க பாருங்க அங்கிள், யாரு சொல்லுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறுகிற புது ஆளைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார். நான் மாஸ்க்கைக் கழற்றினேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஜெபம் பண்ண வந்தவங்களா?" என்று கேட்டார். குரல் கரகரத்தது. ஆஸ்பத்திரிகளில் வார்டு வார்டாக வந்து ஜெபித்துவிட்டுப் போகும் சபைப் பெண்கள் உண்டு. அவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டார்.

நர்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் டாக்டரைக் கூப்பிட வெளியே ஓடினாள். நினைவு மெல்ல வரும், வராமலும் இருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த நிமிடத்தில் அங்கே டாக்டர் இல்லை. தாஸும் நானும்தான். அவர் உயிரோடு இருக்கிறார், பேசுகிறார் என்று உடம்பெல்லாம் குதிக்கிறது. அவர் மனசில் நான் இல்லை என்று அதே உடம்பு ஒடுங்குகிறது. இதற்குத்தானா முன்கூட்டியே நன்றி சொன்னேன்? நன்றி சொன்னதால் வந்ததா, பொய் சொன்னதால் பாதியாக வந்ததா? அழக்கூடத் தெரியவில்லை.

ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றார் தாஸ். ஒவ்வொரு வார்த்தையாக, இடைவெளி விட்டுப் பேசினார். "எங்க வீட்ல இருக்கா, கற்பகம்னு. பயந்துக்கினு இருப்பா. கோவக்காரி. யார்கிட்டயாவது சண்ட போட்டுக்கினு இருப்பா. அவளுக்குப் பண்ணுங்க."

யாருக்காகவும் எதையும் கேட்காத மனிதர் முதன்முதலாகக் கேட்கிறார்.

அவர் கையைப் பிடித்தேன். ஊசி குத்திக் குத்தி நீலம் பாரித்த கை, ஆனால் சூடாக இருந்தது. கண்ணை மூடினேன். ஆண்டவரே, என்றேன். குரல் வந்தது. கற்பகம் பயந்துபோயிருக்கிறாள், அவள் கூட இருங்கள் என்றேன். அவள் செய்தது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் புருஷன் கண் திறந்துவிட்டார், அதற்கு ஸ்தோத்திரம் என்றேன். அவள் இனிமேல் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள் என்றேன். எத்தனை வாக்கியம் என்று எண்ணவில்லை. பாதியில் எங்கோ, அந்த ஞாயிற்றுக்கிழமை போல, மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. ஆமென் சொன்னது தாஸ்தான்.

கண்ணைத் திறந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வர்றீங்களாம்மா?" என்று கேட்டார். "உங்க வீட்டுக்காரரு ஒண்ணும் சொல்லமாட்டாரே?"

"ஒண்ணும் சொல்லமாட்டாருங்க" என்றேன்.